மஞ்சாடியும் புளியங்கொட்டையும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரு சொற்பொழிவாகப் பிறந்திருக்க வேண்டியது. பிறக்கும்போதே செத்துவிட்டது.

நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அவர்கள் பாவம். அங்கே தர மேம்பாட்டுக் குழு என்று ஒன்று உண்டு. நோயாளி கட்டிலிலிருந்து விழாமல் இருக்க ஒரு திட்டம், மருந்து மாறிப் போகாமல் இருக்க ஒரு திட்டம் என்று என் காலத்தில் பதினேழு திட்டங்கள் தொடங்கின. பதினேழுக்கும் குத்துவிளக்கு ஏற்றினோம். இன்று உயிரோடு இருப்பவை மூன்று. ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவனைக் கூப்பிட்டு, "எது ஜெயிக்குது, எது தோக்குதுன்னு இருபது நிமிஷம் பேசுங்க சார், எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பாத்தவரு நீங்கதானே" என்றார்கள்.

உட்கார்ந்து எழுதினேன். முதல் குறிப்பு, மேலிடத்தின் ஆதரவு. இரண்டாவது, அளந்து பார்த்தல். மூன்றாவதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. இந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் துப்புரவு வேலை செய்யும் பெண்களையும் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். ஆள் நிறைந்திருப்பது தெரிய வேண்டுமே. இருபத்தாறு வருடமும் அவர்கள் தூங்கினார்கள், நியாயமாகத்தான் தூங்கினார்கள். அவர்கள் தூங்காத ஒன்றை எழுத முடிகிறதா பார்ப்போம் என்று தாளைக் கிழித்தேன்.

அப்படித்தான் நேசபாய் வந்தாள். நர்ஸ், முப்பத்திரண்டு வயது. இராஜாக்கமங்கலம் போகிற சாலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு அவள் பொறுப்பில். ஆண்டு 1931. தேடிக்கொண்டு போகாதீர்கள். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டியது நான், அதுவும் போன செவ்வாய்க்கிழமை.*

(* ஏன் 1931 என்று கேட்டால் காரணம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கு வரும் காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. வந்தபின் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வராமல் பார்ப்பதுதான் வைத்தியம். சாக்குச் சொல்ல வழியில்லாத ஆண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.)

2

முதல் தொடக்கம்: 'ஆடி மாதத்துச் சாரல் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரையை நனைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்...'

[விட்டுவிட்டேன். சாரலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத ஓடாதபோது மழையைக் கூப்பிடுவது என் பழக்கம்.]

இரண்டாவது: 'கருணையே உருவான நேசபாய்...'

[இதுவும் வேண்டாம். கருணையே உருவானவளாக இருந்தால் ஆறு சாவுக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பாள். அவள் பிடிவாதக்காரி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், அதனாலேயே வார்டில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.]

மூன்றாவது நின்றது.

பிரசவக் காய்ச்சலில் இறந்துபோன பூங்கனியை வெள்ளைத் துணியில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, நேசபாய் பிரசவ வார்டின் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். பன்னிரண்டு மாதத்தில் நூற்றுப் பதினாறு பிரசவம். இருபத்தொரு பேருக்குக் காய்ச்சல். பூங்கனியோடு ஆறு சாவு. தவறாக எண்ணியிருக்கலாம் என்று மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரி, பதினோரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். வேதப் புத்தகத்திலிருந்து தமிழ் படித்தவர், அதனால் சாதாரண நாளிலும் பிரசங்கம் செய்வதுபோலத்தான் பேசுவார்.

"நேசபாய், மிஷன் கமிட்டியார் தீர்மானித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்பாக வந்து பார்வையிடுவார்கள். அதற்குள் இக்காய்ச்சல் ஒழியாவிட்டால் வார்டைப் பூட்டும்படி உத்தரவாகும்."

"பூட்டினா இதுக எங்க போவும், அம்மா?"

"முன்னே எங்கே இருந்தார்களோ, அங்கே."

முன்னே எங்கே இருந்தார்கள் என்று நேசபாய்க்குத் தெரியும். நான்கு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவர்களைக் கூட்டிவந்தவளே அவள்தான். குறுக்கே விழுந்த பிள்ளையோடு மூன்று நாள் இருட்டு அறையில் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். கோட்டாறு முஸ்லிம் வீடுகளில் முதலில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். கதீஜா பீவி என்று ஒருத்தி துணிந்து வந்து இங்கே முதல் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு போன பிறகுதான் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். இப்போது கதீஜா பீவிக்கு இரண்டாவது. மார்கழியில் பிரசவம். "நீங்க வான்னா வருவேன் நர்சம்மா" என்று சொல்லியிருந்தாள்.

வா என்று சொல்ல நேசபாய்க்கு நாக்கு எழவில்லை. வராதே என்று சொன்னால் வார்டைத் தன் கையாலேயே பூட்டியதாகிவிடும். கிறிஸ்துமஸுக்கு ஐந்து மாதம் இருந்தது.

3

எல்லாரும் முதலில் என்ன செய்வார்களோ, அதையே அவளும் செய்தாள். பலகையில் எழுதி மாட்டினாள்.

'பிள்ளைப்பேறு பார்க்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுக. கொதித்த தண்ணீரையே பயன்படுத்துக. இது டாக்டரம்மாவின் உத்தரவு.'

வெள்ளைச் சாயத்தில் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. எல்லாரும் நின்று வாசித்தார்கள். எல்லாரும் கழுவினார்கள், கொதிக்கவைத்தார்கள். ஆடி முடியுமுன் இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது.

(என் காலத்தில் நானே நாற்பது அறிவிப்புக்குக் குறையாமல் ஒட்டியிருக்கிறேன். பசை வியாபாரிக்கு நல்ல லாபம்.)

அடுத்து கம்பவுண்டர் ஞானையன் ஒரு வழி சொன்னார். ஐம்பது வயது, மருந்துக் கலவையில் கைநேர்த்தி உள்ளவர். மனிதர்களையும் குலுக்கிவிட்டால் சரியாகிவிடுவார்கள் என்று நம்புகிறவர்.

"கேட்டியா நேசபாய், பயம் இல்லாத்த எடத்துல ஒழுங்கு இருக்காது. காய்ச்சல் வந்தா, அண்ணைக்கு யாரு டூட்டியோ அவ எல்லாரு முன்னாலயும் வந்து நிண்ணு பதில் சொல்லட்டும். ரெண்டு மட்டம் நிண்ணா தானா சரியாவும்."

செய்தார்கள். முதலில் நின்றவள் எலிசா, வார்டின் இளைய நர்ஸ். கேள்வி கேட்ட நேசபாய்க்கும் பதில் தெரியாது, நின்ற எலிசாவுக்கும் தெரியாது. அழுதாள், போனாள்.

ஆவணி மாதம் காய்ச்சலே இல்லை.

ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் பக்கம் பக்கமாகச் சுத்தம். டாக்டரம்மா முழங்கால் போட்டு ஜெபம் செய்தார். ஞானையன் மீசையைத் தடவிக்கொண்டார். நேசபாய் அந்த மாதம்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

[இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டறிக்கையாகியிருக்கும்.]

4

புரட்டாசி முதல் வாரம் நான்காம் கட்டிலில் இருந்தவள் முனகினாள். நேசபாய் போகிற போக்கில் நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. பதிவேட்டைப் பார்த்தால், எலிசா கையெழுத்தில் 'பால் காய்ச்சல்' என்று இருந்தது.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் பால் கட்டி லேசாக உடம்பு சுடுவது உண்டு. எல்லா வீட்டிலும் தெரிந்தது, யாரும் அதை வியாதியாக எடுத்துக்கொள்வதில்லை. நேசபாய் பின்னால் புரட்டினாள். ஆவணியில் மட்டும் ஏழு பால் காய்ச்சல். ஏழு பேரில் ஒருத்தியை ஆறாம் நாள் குழித்துறைக்கு வண்டியேற்றி அனுப்பியிருந்தார்கள். ஆள் விட்டு விசாரித்தாள். அவள் வீட்டில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

"ஏட்டி எலிசா, இது என்னத்த எழுதி வச்சிருக்க?"

எலிசா மறைக்கவில்லை. "நிக்க வச்சியளேக்கா. எல்லாரு முன்னாலயும் நிக்க வச்சியளே. ரெண்டாவது மட்டம் நிக்க எனக்குக் கழியாதுக்கா. நான் மட்டுமில்ல, எல்லாரும் அப்பிடித்தான் எழுதினோம்."

நேசபாய்க்கு எலிசாவை அறையலாம்போல வந்தது. பிறகு, அறைந்தால் அடுத்த மாதம் இன்னும் அழகாக எழுதுவாள் என்று தோன்றியது. காய்ச்சலைக் குறைக்கச் சொல்லித்தான் அவர்களை நிறுத்தினாள். அவர்கள் எழுத்தைக் குறைத்திருந்தார்கள். குழித்துறைக்காரி அந்த எழுத்தோடுதான் வண்டியேறிப் போனாள்.

"நீ எழுதினதில்ல பிள்ளே, நான் எழுத வச்சது. இனி யாரும் நிக்க வேண்டாம்" என்றாள். இதைச் சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பிடிவாதக்காரிகளுக்குத் தோற்றதை வாயால் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

மறுநாள் காலை வார்டு ஜன்னலில் இரண்டு கண்ணாடிச் சீசாக்கள் இருந்தன. டானிக் தீர்ந்த சீசாக்களைக் கழுவி வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு தட்டில் சிவப்பு மஞ்சாடி விதைகளும் புளியங்கொட்டைகளும்.

"காய்ச்சல் வந்தா ஒரு மஞ்சாடி இந்தச் சீசாவுல. சொகமா வீட்டுக்குப் போனா ஒரு புளியங்கொட்டை அந்தச் சீசாவுல. பேரு வேண்டாம், யாரு டூட்டின்னும் வேண்டாம். பால் காய்ச்சலுன்னாலும் மஞ்சாடிதான். தொட்டாச் சுட்டா மஞ்சாடி."

"இது ஆஸ்பத்திரியா, பல்லாங்குழி வெளையாடுத எடமா?" என்றார் ஞானையன்.

முதல் மஞ்சாடியை எலிசாதான் போட்டாள், நான்காம் கட்டிலுக்காக. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் செல்லபாய் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். வெந்நீர் காய்ச்சிச் சுமக்கிறவள், ஐம்பத்தைந்து வயது. எழுத்து தெரியாது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் வாசித்துக்காட்டியதும் இல்லை, 'நல்லாக் கொதிக்கட்டும்' என்று ஒருதடவை சொன்னதோடு சரி.

"அது என்னவாக்கும், நர்சம்மா?"

நேசபாய் சொன்னாள்.

செல்லபாய் சீசாவுக்குள் வெகுநேரம் பார்த்தாள். "அப்பொ ஒவ்வொரு செவப்பும் ஒரு பிள்ளையாக்கும்" என்றாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அடுப்பு மூட்டுமுன் வந்து எண்ணிவிட்டுத்தான் போவாள்.

5

இந்த இடத்தில் எனக்கு நேசபாய் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு புத்தி இவளுக்கு எங்கிருந்து வந்தது? நான்தான் கொடுக்கிறேனோ? தொண்ணூறு வருடம் கழித்து ஓய்வூதியம் வாங்குகிறவனுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் தலையில் ஏற்றிவிட்டு, பார்த்தீர்களா என்ன அறிவு என்று காட்டுவது திருட்டுத்தனம்.

அதனால் திருத்திக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு யோசனையும் மிஞ்சவில்லை. அவ்வளவுதான். உத்தரவு போட்டாகிவிட்டது, பயமுறுத்தியாகிவிட்டது. மஞ்சாடி ஆறு விழுந்தது, ஏழு விழுந்தது. சீசா வியாதியைக் காட்டுமே தவிர ஆற்றாது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லாதவள், வார்டில் நடக்கிற ஒவ்வொரு வேலையையும் முதலிலிருந்து கடைசி வரை கூடவே நடந்து பார்ப்பது என்று கிளம்பினாள். துணி துவைக்கும் இடத்தில் ஒரு நாள் நின்றாள். கத்தி கத்தரிக்கோல் வேகவைக்கும் இடத்தில் ஒரு நாள். மூன்றாம் நாள் மத்தியானம் வெந்நீர்ப்புரைக்குப் போய் ஒரு தென்னந்தடியில் உட்கார்ந்தாள். ஓலை வேய்ந்த புரை. வார்டிலிருந்து நாற்பது அடி. ஐந்து வருடத்தில் அவள் அதற்குள் நுழைந்தது அன்றுதான்.

"என்ன நர்சம்மா, குத்தம் கண்டுபிடிக்க வந்தியளா?" என்றாள் செல்லபாய்.

"இல்லக்கா. நீங்க செய்யுததப் பாக்க வந்தேன். எனக்குத் தெரியாதில்லா."

செல்லபாய் செம்பு அண்டாவில் நீர் நிறைத்துத் தீ மூட்டினாள். தளதளவென்று கொதி வந்ததும் முணுமுணுவென்று பாடத் தொடங்கினாள்.

"இது எதுக்கு?"

"இருவது நிமிசம் கொதிக்கணும்னு சொன்னிய. எனக்கு மணி பாக்கத் தெரியுமா? கோயில்ல பாடுத ஒரு பாட்ட முழுசா மூணு மட்டம் பாடுவேன். சரியா இருக்கும், வேணுன்னா பாருங்க."

நேசபாய் இடுப்பில் செருகியிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். இருபத்தொரு நிமிடம். தன்னையறியாமல் சிரித்தாள். இங்கே குற்றம் ஒன்றும் இல்லை, எழுந்து போகலாம் என்று நினைத்தாள். எழுந்தும்விட்டாள். ஆனால் வேலையைக் கடைசி வரை கூடவே நடந்து பார்ப்பது என்றுதானே கிளம்பினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த செல்லபாயின் பின்னாலேயே நடந்தாள்.

வார்டு வாசலில் செல்லபாய் குடத்தை இறக்கினாள். பாதியை ஒரு வாளியில் ஊற்றினாள். வாசலோரம் எப்போதும் ஒரு மண்பானை நிற்கும். கிணற்று நீர். போகிறவர் வருகிறவரெல்லாம் கால் கழுவவும் வாய் கொப்பளிக்கவும் மொண்டு எடுக்கிற பானை. அதிலிருந்து இரண்டு செம்பு மொண்டு வாளியில் விட்டாள். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டுக் கலக்கினாள். போதவில்லை. இன்னும் அரைச் செம்பு.

"இப்பொ பாகமா இருக்கு. கொண்டு போங்க."

நாள் தவறாமல் அந்த வாளியிலிருந்துதான் நேசபாய் கை கழுவினாள். அந்த வாளியிலிருந்துதான் பிள்ளை பெற்றவளைத் துடைத்துவிட்டார்கள். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் வேதுக்குளிக்கு இலை போட்டு வெந்த நீரையும் அந்தப் பானைத் தண்ணீர் விட்டுத்தான் விளாவினார்கள். நூறு தடவை அவள் கண்முன் நடந்திருக்கிறது. வெந்நீர் என்றால் விளாவத்தானே செய்வார்கள். பிறந்த நாள் முதல் எல்லார் வீட்டிலும் பார்த்தது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

"செல்லபாயக்கா, இதுல ஏன் பச்ச வெள்ளம் விடுதிய?"

"வெளாவாம எப்பிடி குடுக்க? பெத்த ஒடம்பு பொள்ளிப் போவாதா?"

"யாரு சொன்னது, வெளாவணும்னு?"

செல்லபாய் அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்களாக்கும். நீங்க இங்க வந்த புதுசு. ஒரு பிள்ளைக்குக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்து வச்சிட்டேன்னு என்னைய ஏசினியளே, மறந்து போச்சா? 'பொறுக்குத சூட்டுல வெளாவிக் கொண்டாரத் தெரியாதா'ன்னு கேட்டிய. அண்ணையில இருந்து இண்ணைக்கு வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரு பொள்ளல் வந்ததுண்டா? சொல்லுங்க பாப்போம்."

பெருமையோடுதான் சொன்னாள். ஐந்து வருடமாகத் தவறாமல் செய்த வேலை.

6

[இங்கே நேசபாய் அழுதாள் என்று எழுதினேன். அடித்தேன். வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பூங்கனியின் முகம் அவள் கண்முன் வந்து... வேண்டாம். உங்களுக்கே வந்திருக்கும்.]

அவள் அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். செல்லபாய் மெதுவாகப் பானையைப் பார்த்தாள், பிறகு ஜன்னலில் இருந்த சீசாவைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"அப்பொ என் கையா, நர்சம்மா?"

"ஒங்க கை இல்லக்கா. நான் சொன்னதாக்கும் நீங்க செய்தது."

வாளித் தண்ணீரை நேசபாயே தூக்கிக்கொண்டு போய்த் தென்னைமூட்டில் கொட்டினாள். திரும்பி வந்தபோது செல்லபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வெளாவாம முடியாது. அது நிச்சயம்" என்றாள் செல்லபாய். "ஆனா பச்ச வெள்ளத்துல எதுக்கு வெளாவணும்? விடியக்காலத்த ஒரு அண்டா கொதிக்க வச்சு, மூடி ஆற வச்சுட்டா, அதையே விட்டு வெளாவலாமே. கையையும் உள்ள விடாண்டாம். வாளிக்க வெளிய தொட்டுப் பாத்தா எனக்குச் சூடு தெரியும்."

நேசபாய்க்கு இது தோன்றியிருக்காது. டாக்டரம்மாவுக்கும் தோன்றியிருக்காது. ஞானையனுக்கு நிச்சயம் தோன்றியிருக்காது.

ஆனால் இரண்டாவது அண்டா இல்லை. டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், தான் ஏசியதையும் சேர்த்து. டாக்டரம்மா, "என் பங்களாவில் குளிக்கும் அண்டா ஒன்று இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மறுநாள் தாமே வெந்நீர்ப்புரைக்கு வந்து, அதே தென்னந்தடியில் உட்கார்ந்து, பாட்டு மூன்று தடவையும் முடிகிறவரை கேட்டார். மூன்றாம் தடவை கூடச் சேர்ந்து பாடினார் என்று செல்லபாய் பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.*

(* 'மேலிடத்தின் ஆதரவு' என்று என் குறிப்புகளில் நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஆதரவு கூட்டத்தில் அறிவிக்கப்படும், கைதட்டல் வரும். அண்டா மட்டும் வராது.)

உடனே எல்லாக் கட்டிலுக்கும் செய்யவில்லை. 'ஆறின வெள்ளம் பேறுகாரிக்கு ஆகாது' என்று நர்சுகளே முணுமுணுத்தார்கள். முதலில் ஒரு கட்டில். பிறகு நான்கு. ஐப்பசி பிறந்ததும் இரண்டு சீசாக்களையும் காலி செய்து புதிதாக எண்ணத் தொடங்கினார்கள். புளியங்கொட்டைச் சீசா மட்டும் ஏறிக்கொண்டே போனபோது மிச்சக் கட்டில்களைப் பார்த்த நர்சுகள் தாங்களே வந்து கேட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் செல்லபாய் நேராக வார்டுக்குள் வந்து, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "ஆற வச்ச அண்டா மூடி தொறந்து கெடந்துது. நானாக்கும் மறந்தது. உள்ள பல்லி கெடக்கு. அவ்வளவையும் கொட்டிட்டு வேற வைக்கேன். மத்தியானம் வரைக்கும் யாருக்கும் வெள்ளம் இல்ல."

ஞானையன் வாயைத் திறந்தார். நேசபாய் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். "சரிக்கா, வையுங்க" என்றாள்.

சீசாக்களைவிட இந்தப் பல்லிதான் நேசபாய்க்கு நம்பிக்கை கொடுத்தது.

7

மார்கழி பிறந்ததும் கதீஜா பீவி வண்டியில் வந்து இறங்கினாள். வயிறு சரிந்திருந்தது.

"வரலாமா, நர்சம்மா?"

நேசபாய் வாக்குக் கொடுக்கவில்லை. அவளை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "ஐப்பசியில இருந்து முப்பத்தொண்ணு பேறு. செவப்பு மூணு. சாவு இல்ல. இவ்வளவுதான் பிள்ளே எனக்குத் தெரியும்."

கதீஜா பீவி மூன்று சிவப்பையும் பார்த்தாள். "அந்த மூணு பேரும் இப்பொ எங்க?"

"அவுங்கவுங்க வீட்டுல. உசிரோட."

"அப்பொ நான் இங்கயே கெடக்கேன்."

நான்கு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு எலிசா ஓடிவந்தாள். "அக்கா, கோட்டாத்துப் பிள்ளைக்கு ஒடம்பு சுடுது."

பத்து மணிக்குக் கமிட்டி.

நேசபாய் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. பால் கட்டியும் இருந்தது. இரண்டில் எதுவென்று இப்போது சொல்ல யாராலும் முடியாது. வெளியே கமிட்டிக்காரர்களின் கார் சத்தம் கேட்டது. ஞானையன் அருகில் வந்தார். கெட்ட மனிதர் அல்ல, வார்டு பூட்டக்கூடாது என்று அவருக்கும் ஆசைதான்.

"பால் காய்ச்சலா இருக்கப்பிடாதா? மத்தியானம் வரைக்கும் பொறு, மக்கா. அவங்க போவட்டும். பொறவு போட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

எலிசா பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வாளியோடு செல்லபாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேசபாய் தட்டிலிருந்து ஒரு மஞ்சாடியை எடுத்தாள். நான்கு வருடமாக ஏறி இறங்கிய வீடுகள் எல்லாம் ஞாபகம் வந்தன. சிவப்புச் சீசாவில் போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது.

8

கமிட்டியில் மூன்று பேர். காரியதரிசி கையில் ஒரு அச்சுப் படிவம். கடைசிக் கட்டத்தில் 'தவறு செய்தவர் பெயர்' என்று இருந்தது. ஒரு பெயருக்குத்தான் இடம்.

இங்கிருந்து நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: நேசபாய் பேசுமுன் ஞானையன் "வெந்நீர்ப்புரை வேலைக்காரி" என்கிறார். செல்லபாயை அனுப்பிவிடுகிறார்கள். வார்டு தப்பிக்கிறது. புதிதாக ஒருத்தி வருகிறாள், கெட்டிக்காரி, வாயைத் திறக்கமாட்டாள். அண்டாவில் பல்லி விழுந்தால் பல்லியை மட்டும் எடுத்துப் போடுவாள்.

இரண்டு: நேசபாய் "நான்" என்கிறாள். கமிட்டியார் கண்கலங்கி, அவள் கையைக் குலுக்கி, ஆயிரம் ஆஸ்பத்திரிக்கு இதை எழுதி அனுப்புகிறார்கள். எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. இருபத்தாறு வருடம் கமிட்டிகளுக்குக் குறிப்பு எழுதியவன் நான்.

மூன்று: 'தவறு செய்தவர் பெயர்' என்ற கட்டத்தில் நேசபாய் தன் பெயரைச் சொல்கிறாள். "பச்ச வெள்ளத்துல வெளாவச் சொன்னது நானாக்கும். மறந்ததும் நானாக்கும். அதுக்கு வழி கண்டுபிடிச்சதும் மாத்தினதும் செல்லபாயக்காதான். அதையும் எழுதுங்க. எழுத எடம் இல்லன்னா கட்டம் வரைஞ்சு தாறேன்." காரியதரிசி பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டு, எழுதாமல், நடுவில் உட்கார்ந்திருக்கும் தலைவரின் முகத்தைப் பார்க்கிறார்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். அதற்குமேல் எழுத வரவில்லை. நேசபாய் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டாள். மிச்சம் அந்த நாற்காலியில் இருக்கிறவர் செய்ய வேண்டியது.

கதீஜா பீவியை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். அவள் ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், உப்புக் குறைவு என்றாள். இதில் பேச்சே கிடையாது.

9

போன வெள்ளிக்கிழமை இதைத்தான் கூட்டத்தில் வாசித்தேன். இருபது நிமிடம் என்றார்கள், முப்பத்தைந்து ஆகிவிட்டது. முன்வரிசையில் இரண்டு டாக்டர்கள் எழுந்து போனார்கள். 'பேனாவை மைக்கூட்டில் தோய்த்துவிட்டு' என்ற இடத்தில் நிறுத்தி, கதீஜா பீவியின் கஞ்சியையும் சொல்லி முடித்தேன். யாராவது கேள்வி உண்டா என்று வழக்கம்போல ஒருவர் கேட்டார். வழக்கம்போல யாரும் இல்லை.

பிறகு கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. நீலச் சீருடை. பிரசவ வார்டில் தரை துடைக்கிற பெண். பதினாறு வருடம் அதே வரிசையில் பார்த்திருக்கிறேன், பெயர் கேட்டதில்லை. என் கூட்டக் குறிப்புகளில் 'மற்றும் பணியாளர்கள்' என்று இருப்பார்.

எழுந்து நின்று, என்னைப் பார்க்காமல், மேடையில் நடுவில் இருந்த தலைவரைப் பார்த்துக் கேட்டார்.

"சார், எங்க வார்டுலயும் அதுபோல ஒரு காரியம் உண்டு. நான்தான் செய்யுதேன். ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன். சொன்னா என்னைய ஒண்ணும் செய்யமாட்டியல்லா?"

மண்டபத்தில் எல்லாரும் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். பழக்க தோஷத்தில் நான் குறிப்பேட்டைத் திறந்து, பதிலை எழுதப் பேனாவை எடுத்தேன்.

தலைவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.